விதைக்கு விட்ட செடி

“என்னைக் கிள்ளுக்கீரை என்று நினைத்துவிட்டாயா?” என்று சினந்து கேட்பது நம் மக்களிடையே வழங்கிவரும் வழக்கு. எளிதில் கிடைப்பது, கிள்ளினாலும் கேட்பாரற்றது, மதிப்பில்லாதது என்ற பொருளில் கீரை ஓர் இளக்காரச் சொல்லாகவே ஆகிவிட்டது. நாள்தோறும் நம் உடலை வளர்க்கும் ஒன்றுக்கு நாம் தந்திருக்கும் மதிப்பு இவ்வளவே. ஆயினும் மனிதனின் மனம் உள்ளவாறு வெளிப்படுவது இத்தகைய எளிய பொருள்களின் முன்னர்தான். பொன்னின் முன்னும் பொருளின் முன்னும் நாம் எச்சரிக்கையாக நடந்துகொள்கிறோம்; பிறர் பார்க்கின்றனர் என்ற நினைவு அங்கே காவல் நிற்கிறது. கீரைப் பாத்தியின் முன் அந்தக் காவல் இல்லை. அங்கே நாம் செய்வதே நம் இயல்பான செயல்.

நமக்குச் சொந்தமில்லாத நிலத்தில், நாம் இருக்கப்போகாத ஒரு நாளுக்காக, நாம் அறியாத ஒருவருக்காக எதையேனும் விட்டுச்செல்லும் கடமை நமக்கு உண்டா? இவ்வினாவைத் தத்துவ நூல்கள் வேறு வேறு சொற்களில் எழுப்பியிருக்கக்கூடும். எங்களுக்கு இது ஒரு கீரைப் பாத்தியின் அருகே எழுந்தது. பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது அயலான வினா அன்று என்னும் நம்பிக்கையால், இம்மலரில் எங்கள் பிழையோடு சேர்த்தே இதனை எழுதுகிறோம்.

தில்லியில் மத்திய அரசுப் பணியில் இருப்போரின் வாழ்வு ஓர் ஒதுக்கீட்டு ஆணையில் தொடங்கி, காலி செய்யும் ஆணையில் முடிகிறது. வீடு அரசினுடையது; சுவர் அரசினுடையது; வீட்டின் பின்புறத்தே கிடக்கும் பத்தடி நிலமும் அரசினுடையது. பதவி உயர்ந்தால் சற்றுப் பெரிய வீட்டுக்குப் போகிறோம். மாற்றல் வந்தால் வேறு நகருக்குப் போகிறோம். ஓய்வு பெற்றால் எல்லாவற்றையும் விட்டுப் போகிறோம். மாவும் தென்னையும் நட்டுக் காத்திருக்கும் பொறுமை இவ்வாழ்வுக்குப் பொருந்துவதன்று. கீரையோ அத்தனை பொறுமையைக் கேட்பதில்லை. விதைத்த நான்காம் நாள், ஐந்தாம் நாள் முளை காட்டும். 20 முதல் 25 நாளில் முளைக்கீரையாகப் பிடுங்கலாம். நெருக்கம் நீக்கி விட்டுவைத்தால் தடித்துத் தண்டுக்கீரையாகும். இடம்பெயர்ந்து வாழ்பவனுக்கென்றே அமைந்த பயிர் இது எனலாம்.

2009ஆம் ஆண்டில் எங்களுக்குத் தரைத்தளத்தில் ஒரு சிறு வீடு கிடைத்தது. மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து எங்களோடு சில மாதம் தங்க வந்த அன்னையார், பழைய வேட்டித் துணியின் மூலையில் ஒரு கைப்பிடி தண்டுக்கீரை விதையை முடிந்து கொண்டுவந்தார். கறுத்து மினுங்கும் அவ்விதை கடுகினும் மிகச் சிறியது. ஒரு கிராம் எடைக்குள் ஆயிரத்துக்கும் மேல் அடங்கும். அதனைத் தனியே தூவினால் ஓரிடத்தில் குவியும். ஓரிடம் வெறுமையாய்க் கிடக்கும். ஆதலின் பத்து மடங்கு உலர்ந்த மணலோடு கலந்து தூவி, உள்ளங்கையால் மெல்லத் தட்டி, நனைத்த கோணிச் சாக்கால் முளை வரும் வரை மூடிவைத்தார். எறும்பு விதையை இழுத்துச் செல்லாதிருக்கப் பாத்தியைச் சுற்றி அரிசி நொய் தூவினார். “அதுக்கும் வயிறு இருக்குல்ல?” என்பது அவர் கூறிய விளக்கம்.

தில்லியின் பருவம் நம் ஊர்ப் பருவம் அன்று. மார்கழி, தை மாதக் குளிரில் இக்கீரை முளைக்க மறுக்கும். ஹோலிப் பண்டிகை கழிந்து வெயில் ஏறத் தொடங்கும்போது விதைத்தால் செழிக்கும். ஆடி மழையில் மீண்டும் ஒரு முறை விதைக்கலாம். கடுங்கோடையில் மட்டும் நீர் குறையலாகாது. குழாயில் நீர் வரும் நேரம் சுருங்கிய நாள்களில் அரிசி களைந்த நீரும் பருப்புக் கழுவிய நீரும் பாத்திக்கே போயின.

அந்தக் கீரை எங்கள் வீட்டில் எத்தனையோ வடிவம் எடுத்தது. இளங்கீரையைக் கழுவிய பின்னரே நறுக்கி, மூடாமல் வேகவைத்து, கல்சட்டியில் மத்தால் மசித்துக் கடுகும் உளுத்தம்பருப்பும் மிளகாய் வற்றலும் தாளித்தால் அதுவே மசியல். பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்ந்தால் கூட்டு. முற்றிய தண்டை நார் உரித்துத் துண்டாக்கிப் புளிக்குழம்பில் இட்டால், சாற்றை உறிஞ்சிச் சக்கையைத் துப்பும் இன்பம் பிள்ளைகளுக்கு. உடலில் உயிர்ச்சத்து ஏ ஆக மாறும் கரோட்டின் இதில் மிகுதி. இரும்புச்சத்தும் சுண்ணச்சத்தும் உண்டு. உயிர்ச்சத்து ஏ குறைவால் குழந்தைகள் கண்ணொளி இழப்பதைத் தடுக்க இந்திய அரசு 1970ஆம் ஆண்டில் தனித் திட்டமே தொடங்கியது. அந்தச் சத்து நம் வீட்டுப் பின்புறத்தில், கைப்பிடி விதையில் அடங்கிக் கிடக்கிறது என்பதை எண்ணினால், கிள்ளுக்கீரை என்ற சொல்லை இளக்காரமாக வழங்க நாக் கூசும்.

ஊருக்குத் திரும்புமுன் அன்னையார் ஒரு செயல் செய்தார். பாத்தியில் எல்லாவற்றினும் செழித்து நின்ற இரண்டு செடிகளைத் தேர்ந்து, அவற்றின் அடியில் சிவப்பு நூல் கட்டினார். “இதைத் தொடப்படாது. இது விதைக்கு” என்றார். நல்ல செடிகளை நாம் உண்டுவிட்டு, மெலிந்த ஒன்றை விதைக்கு விட்டால் ஆகாதா என்று எங்கள் இல்லத்தரசி கேட்டதற்கு, “நோஞ்சானை விதைக்கு விட்டால் அடுத்த வருஷம் நோஞ்சானைத்தான் தின்னணும்” என்று மறுமொழி வந்தது. அதன்பின் ஆண்டுதோறும் சிவப்பு நூல் கட்டுவது எங்கள் வீட்டு வழக்கமாயிற்று. விதைத்து ஏறத்தாழ மூன்று மாதத்தில் கதிர் முற்றும். அதனைக் கொய்து உலர்த்தி, கசக்கிப் புடைத்துப் புட்டியில் அடைத்துவைப்போம். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும்போதெல்லாம் உடல்நலம் கேட்ட பின் அன்னையார் கேட்கும் அடுத்த கேள்வி ஒன்றே: “விதைக்கு விட்டிருக்கியாப்பா?”

2012ஆம் ஆண்டு கோடையில் பதவி உயர்வின் பயனாக வேறொரு குடியிருப்பில் பெரிய வீடு கிடைத்தது. பழைய வீட்டுக்கு வர இருந்தவர் அதனைப் பார்க்க வந்தார். இன்னும் ஒரு வாரம் தங்க விரும்பினோம், அவர் இசையவில்லை. அவருக்கும் அவருடைய நெருக்கடி இருந்திருக்கும். அன்று அதனை எண்ணும் நிலையில் நாங்கள் இல்லை. சொல்லுக்குச் சொல் வளர்ந்தது. அவர் போன பின், கணவன் மனைவி இருவருமாகப் பாத்தியில் இறங்கினோம். இளங்கீரை, தண்டு, கொத்தமல்லி என அனைத்தையும் வேரோடு பிடுங்கினோம். அடுத்த ஆண்டு விதைக்கு வேண்டுமென்று முந்தைய விதையை ஒரு சிமிழளவுகூட மீத்துவைக்காமல் அந்த ஆண்டே முழுவதும் தூவியிருந்தோம். ஆதலின் சிவப்பு நூல் கட்டிய இரண்டு செடிகளிலேதான் எங்கள் விதை முழுவதும் இருந்தது. கதிர் முற்ற இன்னும் பத்து நாள் வேண்டும். அவற்றையும் பிடுங்கினோம். உண்ணவும் ஆகாது, விதைக்கவும் ஆகாது என்ற நிலையில் அவை தெருமுனைக் குப்பைத் தொட்டிக்குப் போயின. வருபவருக்கு வெறும் மண்ணைத்தான் விட்டுச்சென்றோம். அன்றிரவு எங்கள் உள்ளத்தில் இருந்தது வருத்தம் அன்று, நிறைவு. அதுதான் இன்று எண்ணும்போது மிகவும் உறுத்துகிறது.

மறுநாள் புதிய வீட்டின் கதவைத் திறந்தோம். அங்கே முன்பு இருந்தது ஒரு வங்காளக் குடும்பம். ஓய்வு பெற்றுக் கொல்கத்தாவுக்குப் போய்விட்டனர். அவர்களை நாங்கள் கண்டதும் இல்லை. பின்புறத்தே ஒரு பாத்தி. அதில் அரையடி உயரத்தில் செந்தண்டுக்கீரை. வீடு பூட்டிக் கிடந்த நாள்களிலும் யாரோ நீர் ஊற்றியிருந்தனர். பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள் என்று பின்னர் அறிந்தோம். சமையலறைச் சன்னலின் ஆணியில் ஒரு காகிதப் பொட்டலம் தொங்கியது. மேலே ஏதோ வங்க எழுத்தில் எழுதியிருந்தது. எங்களுக்கு அதனைப் படிக்கத் தெரியவில்லை. பிரித்துப் பார்த்தோம், உள்ளே கறுத்து மினுங்கும் விதை.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அந்த வாரம் அன்னையார் வழக்கம்போல் கேட்டார். “விட்டிருக்கிறோம் அம்மா, விதை கையில் இருக்கிறது” என்றோம். விதை கையில் இருந்தது உண்மை; ஆயினும் கூறியது பொய். அடுத்த பங்குனியில் அன்னையார் தில்லிக்கு வந்தார். பாத்தியில் நின்ற செந்தண்டைக் கண்டார். குனிந்து ஒரு இலையைத் தொட்டுப் பார்த்தார். “இது நம்ம விதை இல்லையே” என்றார். நடந்ததைச் சொன்னோம். அவர் வையவில்லை. சிறிது நேரம் சென்ற பின், “யார் விட்டுட்டுப் போனாங்களோ, அவங்க நல்லா இருக்கணும்” என்று மட்டும் சொன்னார். அடுத்த முறை வந்தபோது பழைய துணி முடிச்சில் மீண்டும் ஊர் விதை வந்தது. அதனைச் செந்தண்டின் அருகே தனிப் பாத்தியில் விதைத்தார்.

இனி வினாவுக்கு வருவோம். நாங்கள் செய்தது குற்றமா? சட்டத்தை நோக்கினால் குற்றமன்று. நிலம் அரசினுடையது ஆயினும் விதையும் உழைப்பும் எங்களுடையவை. எங்கள் பயிரை நாங்கள் பிடுங்கினோம். எந்த விதியும் அதனைத் தடுக்கவில்லை. அலுவலகக் கோப்பில் அதற்கென்று ஒரு பத்தியும் இல்லை. ஆனால் உரிமை என்பது எங்கே முடிகிறதோ அங்கேதான் அறம் என்பது தொடங்குகிறது. செய்ய உரிமை உள்ளவற்றுள் எதனைச் செய்யாதிருக்கிறோம் என்பதே ஒருவனுடைய பண்பின் அளவு.

திருக்குறளில் ஈகைக்கு ஓர் அதிகாரமும் ஒப்புரவறிதலுக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே அமைந்திருப்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். இல்லாதவன் வந்து நிற்க, அவனுக்குத் தருவது ஈகை. யாரும் வந்து கேளாதபோதும், உலகத்தோடு ஒத்து, பிறர்க்குப் பயன்பட வாழ்வது ஒப்புரவு. வங்காளக் குடும்பத்தார் செய்தது ஈகை அன்று. பெறுபவர் யார் என்பதை அவர்கள் அறியார். அவர் நன்றி கூறுவாரா, பாத்தியைக் கொத்தி எறிவாரா என்பதையும் அறியார். அறியாமலே விட்டுச்சென்றனர். பெற்ற கடனை அவர்களுக்குத் திருப்பித் தர எங்களுக்கும் வழியில்லை. சில கடன்களைத் தந்தவரிடம் அடைக்க முடியாது. நமக்குப் பின் வருபவரிடம்தான் அடைக்க முடியும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். விதையைக் காப்பதுதான் அறம் என்றால், இளையான்குடி மாறனாரை என்னென்பது? சேக்கிழார் காட்டும் அந்த அடியவர் வறுமையுற்ற காலத்தில், மழை பெய்யும் இரவில் அடியார் ஒருவர் பசியோடு வந்தபோது, அன்று பகலில் வயலில் விதைத்த முளைநெல்லையே வாரிக்கொண்டு வந்தார். வீட்டுக் கூரையின் கொம்புகள் விறகாயின. கறிக்கு வேறொன்றும் இல்லாமல், தோட்டத்துக் குழியில் வளர்ச்சி நிரம்பாத கீரையைக் கையால் தடவிப் பறித்தார். விதையையும் உண்டார்கள், முதிராத கீரையையும் பிடுங்கினார்கள். நாங்கள் செய்ததும் அதுவேயன்றோ என்று எவரேனும் கேட்கலாம்.

செயல் ஒன்றுதான், ஆனால் நோக்கம் வேறு. மாறனார் வரும் ஆண்டின் விளைவை ஒருவரின் பசிக்காக இழந்தார். நாங்கள் வரும் ஆண்டின் விளைவை ஒருவருக்குக் கிடைக்கலாகாதே என்பதற்காக அழித்தோம். விதை என்பது தெய்வமன்று. என்றும் தொடலாகாத பொருளும் அன்று. அதனினும் உயர்ந்த ஒன்றுக்காக அதனைச் செலவிடலாம். சினம் அத்தகைய உயர்ந்த பொருள் அன்று. அவ்வளவே வேறுபாடு, அதுவே முழு வேறுபாடும் ஆகும்.

மற்றோர் ஐயமும் உண்டு. கடையில் சில ரூபாய்க்கு விதைப் பொட்டலம் கிடைக்கிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் போன்றவை நல்ல கீரை வகைகளைத் தெரிந்து வெளியிட்டிருக்கின்றன. இவ்வாறிருக்க, இரண்டு செடியைப் பிடுங்கியதை இவ்வளவு பெரிதாக்க வேண்டுமா? விதையின் அருமையால் நாங்கள் இதனைக் கூறவில்லை. விதை மலிவானதுதான். ஆனால் எல்லாவற்றையும் உண்டு தீர்க்காமல், சிறந்ததில் ஒன்றை நாளைக்கென்று ஒதுக்கிவைக்கும் பழக்கம் மலிவானதன்று. அது கடையில் கிடைப்பதும் அன்று. அப்பழக்கம் ஒரு வீட்டில் ஒரு தலைமுறை அற்றுப்போனால், மறு தலைமுறைக்கு அதனை எந்தப் பொட்டலத்திலிருந்து எடுத்துத் தருவோம்?

அன்னையார் ஊர் விதையை விதைத்த மூன்றாம் ஆண்டில் ஒரு புதுமை கண்டோம். பசுந்தண்டுகளுக்கு நடுவே சிவப்பு ஓடிய சில தண்டுகள் நின்றன. தண்டுக்கீரை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே விதை கொள்ளும். ஆயினும் காற்றின் வழியே சிறிது கலப்பும் நேரும். மன்னார்குடியும் வங்காளமும் தில்லி மண்ணில் கலந்து நின்றன. இந்நகரில் பிறந்த எங்கள் பிள்ளைகளின் பேச்சும் அவ்வாறே இருக்கிறது. அவர்கள் இதனைச் சில நேரம் கீரை என்கின்றனர். சில நேரம் அயலாரைப் போலச் ‘சௌலாயி’ என்கின்றனர். நவராத்திரி நோன்பின்போது அண்டை வீட்டார் தரும் ‘ராம்தானா’ உருண்டையை உண்டுவிட்டு, அதுவும் ஒரு வகைக் கீரையின் வெளிறிய விதையே என்று அறிந்து வியக்கின்றனர். கலப்பைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்று அந்தப் பாத்தி எங்களுக்குக் கற்பித்தது. விதை பிடிக்கும் செடி கலந்தாலும் தொடரும். விதைக்கு விடப்படாத செடிதான் அற்றுப்போகும். வீட்டில் நாம் நாள்தோறும் பேசும் தமிழுக்கும் இது பொருந்தும் என்பதைப் படிப்பவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

2016ஆம் ஆண்டு சூலைத் திங்களில், சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு பழைய அரசுக் குடியிருப்புகளை இடித்து அடுக்குமாடிகளாகக் கட்டும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மரங்களை வெட்டுவதை எதிர்த்து 2018ஆம் ஆண்டு சூனில் மக்கள் திரண்டதும், தில்லி உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததும் பலருக்கு நினைவிருக்கும். எங்கள் வீடும் அவ்வேழனுள் ஒன்றில் இருந்தது. காலி செய்யும் ஆணை எங்கள் கைக்கும் வந்தது.

இப்போது வினா இன்னும் கடினமாயிற்று. முன்பு எங்களுக்குப் பின் ஒருவர் வர இருந்தார். இம்முறை யாரும் வரப்போவதில்லை, இயந்திரம்தான் வரப்போகிறது. யாருக்காக விட்டுச்செல்வது? பிள்ளைகள், “எப்படியும் இடிக்கத்தானே போகிறார்கள், எல்லாவற்றையும் பறித்துவிடலாமே” என்றனர். அவர்கள் கூறியதில் பிழையில்லை. இளங்கீரை முழுவதையும் பறித்து அண்டை வீடுகளுக்கெல்லாம் கொடுத்தோம். கதிர் முற்றிய செடிகளின் விதையை எடுத்துச் சிறு சிறு பொட்டலங்களாக மடித்தோம். கட்டுகள் மடித்துப் பழகிய குமாஸ்தாக் கைகளுக்கு அது எளிய வேலை. கட்வாலைச் சேர்ந்த காவலாளிக்கு ஒன்று, வீட்டு வேலைக்கு வந்த அம்மையாருக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. ஒரே ஒரு செடியை மட்டும் சிவப்பு நூலோடு அங்கேயே நிற்க விட்டோம். அதனால் பயன் என்ன என்று பிள்ளைகள் கேட்டனர். பயன் தெரிந்து செய்ய அது கணக்கு அன்று. முன்பு ஒரு வீட்டில் நாங்கள் பிடுங்கியவற்றுக்காக அதனை விட்டோம்.

இப்போது நாங்கள் வாழ்வது ஓர் உயர்ந்த அடுக்குமாடியில். மண் என்பது மாடத்தில் உள்ள நான்கு தொட்டிகளில் இருப்பது மட்டுமே. ஒரு தொட்டியில் நூல் கட்டிய செடி ஒன்று ஆண்டுதோறும் நிற்கிறது. மற்ற மூன்றின் கீரை ஒரு வேளைக் கூட்டுக்குச் சரியாக இருக்கும். அன்னையார் இப்போது பயணம் செய்ய இயலாத முதுமையில் ஊரில் இருக்கிறார். கேள்வி மட்டும் மாறவில்லை. அதற்கு இன்று நாங்கள் கூறும் விடை பொய்யன்று.

பழைய வீடு இடிக்கப்பட்ட பின் ஒரு மழைக்காலத்தில் அவ்வழியே சென்றோம். தகர வேலியின் இடுக்கு வழியே பார்த்தபோது, உடைந்த செங்கல் குவியலின் மேல் கீரைச் செடிகள் சில முளைத்து நின்றன. அவை எங்கள் செடியின் வழித்தோன்றலா, தானே முளைக்கும் குப்பைக்கீரையா என்று அத்தொலைவிலிருந்து கூற இயலவில்லை. வேலைக்கு வந்திருந்த ஒரு பெண், முந்தானையை விரித்து அதனைப் பறித்துக்கொண்டிருந்தார். அன்று மாலை அவர் வீட்டு அடுப்பில் அது வெந்திருக்கும்.

அவர் எல்லாவற்றையும் பறிக்கவில்லை. ஓரத்தில் ஒரு செடியை விட்டுவிட்டுத்தான் போனார்.